‘போதும், நிறுத்து’ என்றதால் வந்த வினை: லினக்ஸ் கெர்னலில் மாறி மாறி வந்த சுற்றும் ஓட்டையும்

2016 அக்டோபர். ஃபில் ஓஸ்டர் என்ற லினக்ஸ் டெவலப்பர், தான் நிர்வகித்துவந்த இணையதளங்களில் ஒன்றுக்குள் யாரோ புகுந்திருப்பதைக் கண்டுபிடித்தார். வெளியிலிருந்து சர்வருக்கு வரும் தகவல்களைப் பதிவு செய்து வைக்கும் பழக்கம் அவருக்கு இருந்தது. அந்தப் பதிவுகளைத் தோண்டியபோது, புகுந்தவர் அனுப்பியிருந்த சின்ன புரோகிராம் ஒன்று சிக்கியது. அதைத் தனியாக ஓட்டிப் பார்த்தார். எந்த அதிகாரமும் இல்லாத சாதாரண பயனர் கணக்கு சில நொடிகளில் ‘ரூட்’ ஆனது. அதாவது, அந்தக் கம்ப்யூட்டருக்கே முழு முதலாளி ஆகிவிட்டது.

லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே இதற்குத் திருத்தம் எழுதினார். அதோடு அவர் வைத்த குறிப்பில் ஓர் ஒப்புதல் இருந்தது. இது ரொம்பப் பழைய பிழை என்றும், 11 ஆண்டுகளுக்கு முன்பு தானே இதைச் சரிசெய்யப் பார்த்து சொதப்பிவிட்டதாகவும் அவர் எழுதியிருந்தார்.

அப்படி 11 ஆண்டுகளுக்கு முன்பு என்னதான் நடந்தது? ஓர் ஓட்டையை அடைத்தார்கள், கெர்னல் முடிவே இல்லாமல் சுற்றத் தொடங்கியது. சுற்றை நிறுத்தினார்கள், ஓட்டை திறந்துகொண்டது. 2016-ல் ஓட்டையை மறுபடி மூடியதும் வேறோர் இடத்தில் சுற்று கிளம்பியது. அதை நிறுத்தினால், அங்கே இன்னோர் ஓட்டை!

ஆண்ட்ராய்டு போன் வைத்திருப்பவர்களுக்கு இது யாருடைய கதையோ இல்லை. அந்த போனுக்கு அடியில் ஓடுவதும் இதே லினக்ஸ் கெர்னல்தான்.

கெர்னலும் அதன் பதிவேடும்

நீங்கள் பார்க்கும் ஆப், பிரவுசர், கேம் எல்லாம் மேல் மாடி. கீழே அஸ்திவாரமாக இருப்பது கெர்னல். எந்த ஆப்புக்கு எவ்வளவு மெமரி, யார் எதைப் படிக்கலாம், யார் எதில் எழுதலாம் என்று முடிவு செய்வது அதன் முக்கியமான வேலைகளில் ஒன்று.

மெமரியை கெர்னல் ‘பக்கங்களாக’ப் பிரித்துக் கையாளுகிறது. பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் ஒரு பக்கம் என்பது 4 கேபி. ஒவ்வொரு புரோகிராமுக்கும் ஒரு பதிவேடு உண்டு. பேஜ் டேபிள் என்று அதற்குப் பெயர். எந்தப் பக்கம் எங்கே இருக்கிறது என்பதோடு சில குறிகளும் அதில் இருக்கும். இந்தக் கதைக்கு இரண்டு குறிகள் போதும்.

ஒன்று, ‘எழுதலாம்’ என்ற முத்திரை. இந்தப் பக்கத்தில் எழுத அனுமதி உண்டா, இல்லையா என்பதை இது சொல்லும்.

இன்னொன்று, ‘டர்ட்டி’ குறி. இந்தப் பக்கத்தில் எழுதியாகிவிட்டது, பழைய நிலையில் இல்லை என்பதை இது சொல்லும். மை பட்ட அடையாளம் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒரிஜினலும் ஜெராக்ஸும்

ஒரே ஃபைலை பத்து புரோகிராம்கள் திறந்தால், பத்து காப்பி எடுத்து மெமரியை வீணாக்க வேண்டியதில்லை. எல்லோருக்கும் ஒரே ஒரிஜினலைக் காட்டலாம். படிக்கும்வரை பிரச்சினை இல்லை. யாராவது ஒருவர் தன் சொந்த உபயோகத்துக்கு அதில் எழுத நினைத்தால்? அந்த நொடியில் அவருக்கு மட்டும் ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துவிட்டு, ‘இதில் கிறுக்கிக்கொள், ஒரிஜினலைத் தொடாதே’ என்று கெர்னல் சொல்லும்.

இந்த ஏற்பாட்டுக்கு ‘காப்பி-ஆன்-ரைட்’ என்று பெயர். எழுதும்போது மட்டும் நகல். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் ‘கௌ’, அதாவது பசு. பின்னாளில் இந்த ஓட்டைக்கு ‘டர்ட்டி கௌ’ என்று பெயர் வைத்து, பசு மாட்டை லோகோவாகப் போட்டதற்கு இதுதான் காரணம்.

சில ஃபைல்களைச் சாதாரண பயனர்கள் படிக்கலாம், மாற்ற முடியாது. பயனர் கணக்குகளின் பட்டியல், ரூட் அதிகாரத்தோடு ஓடும் புரோகிராம்கள் எல்லாம் இந்த வகை. அவற்றின் ஒரிஜினலில் ஒரு வரி மாறினாலும் கம்ப்யூட்டரே கைமாறிப் போகலாம். ஜெராக்ஸில் என்ன கிறுக்கினாலும் பாதகமில்லை. மொத்தப் பாதுகாப்பும் அந்த ஒரு வித்தியாசத்தில்தான் நிற்கிறது.

இரண்டு கவுண்டர்கள்

இப்போது சுற்று எங்கே வருகிறது என்று பார்ப்போம்.

கெர்னலுக்குள் ‘கெட் யூசர் பேஜஸ்’ என்றொரு பகுதி இருக்கிறது. ஒரு புரோகிராமின் மெமரியிலிருந்து குறிப்பிட்ட பக்கத்தை எடுத்துவந்து தருவது இதன் வேலை. ஓர் அலுவலகத்தில் ஃபைல் எடுத்துவரும் பியூன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் இரண்டு கவுண்டர்களுக்குப் போக வேண்டும்.

முதல் கவுண்டரில் பதிவேடு இருக்கிறது. “இந்தப் பக்கம் வேணும், எழுதணும்” என்று பியூன் கேட்பார். பக்கம் இருந்து, எழுதலாம் என்ற முத்திரையும் இருந்தால் கையில் கொடுத்துவிடுவார்கள். இல்லையென்றால், “இரண்டாவது கவுண்டருக்குப் போங்க.”

இரண்டாவது கவுண்டர்தான் பக்கத்தைத் தயார் செய்யும் இடம். தேவைப்பட்டால் டிஸ்க்கிலிருந்து எடுத்துவருவார்கள், ஜெராக்ஸ் போடுவார்கள், பதிவேட்டில் குறித்துவைப்பார்கள். ஆனால் பக்கத்தைக் கையில் தர மாட்டார்கள். “முதல் கவுண்டர்லயே போய் வாங்கிக்கோங்க.”

ஏன் இந்த அலைச்சல்? இரண்டாவது கவுண்டரில் டிஸ்க்குக்காகக் காத்திருக்க வேண்டி வரலாம். அந்த நேரத்தில் அதே புரோகிராமின் இன்னொரு பகுதி வந்து பதிவேட்டை மாற்றியிருக்கலாம். அதனால் ஒவ்வொரு முறையும் முதல் கவுண்டரில் மறுபடி சரிபார்த்துத்தான் ஆக வேண்டும். எனவே இந்த கோட் ஒரு லூப்பாகவே எழுதப்பட்டிருக்கிறது. பக்கம் கைக்கு வரும்வரை சுற்று. பெரும்பாலும் ஒன்றிரண்டு சுற்றில் வேலை முடிந்துவிடும்.

முடியாமல் போகும் இடமும் ஒன்று உண்டு. அதுதான் டீபக்கர்.

புரோகிராமில் உள்ள பிழையைத் தேடும் டெவலப்பர் ‘இந்த வரியில் நில்’ என்று பிரேக்பாயின்ட் வைப்பார். அதற்காக டீபக்கர் அந்தப் புரோகிராமின் கோட் இருக்கும் பக்கத்தில் எழுத வேண்டும். அதுவோ ‘படிக்க மட்டும்’ என்ற பக்கம். இதற்கென்றே கெர்னல் ஒரு சலுகை தருகிறது: படிக்க மட்டும் என்ற இடத்திலும் கட்டாயப்படுத்தி எழுதலாம், ஆனால் ஜெராக்ஸில் மட்டும்.

சிக்கல் இங்கேதான். இரண்டாவது கவுண்டர் ஜெராக்ஸ் எடுத்துவிடும். ஆனால் அது ‘படிக்க மட்டும்’ என்று ஒதுக்கப்பட்ட இடம் என்பதால், எழுதலாம் என்ற முத்திரையைக் குத்தாது. முதல் கவுண்டரோ முத்திரை இல்லாமல் தராது.

“முத்திரை இல்ல. அங்க போங்க.”

“ஜெராக்ஸ் எடுத்தாச்சு. எங்க வேலை முடிஞ்சுது. அங்க போங்க.”

அரசு அலுவலகத்தில் ஒரு நாள் அலைந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வித்தியாசம் என்னவென்றால், மனிதருக்கு மாலை 5 மணி ஆனால் விடுதலை. ப்ராசஸருக்கு மாலை 5 மணி கிடையாது.

2005 ஆகஸ்ட்: முதல் திருத்தம்

2005-ல், லினக்ஸ் 2.6.13 பதிப்பு தயாராகிக்கொண்டிருந்த நேரம். இந்த லூப்பில் ஓர் இடைவெளி இருப்பது டெவலப்பர்கள் கண்ணில் பட்டது. ஒருமுறை இரண்டாவது கவுண்டருக்குப் போய்வந்த பிறகு, பியூன் தான் எழுத வந்ததையே மறந்து, படிக்க வந்தவர் போல பக்கத்தைக் கேட்கிறார். நடுவில் ஜெராக்ஸ் காணாமல் போயிருந்தால், தவறான பக்கத்தில் எழுதிவிடும் ஆபத்து இருந்தது.

டோர்வால்ட்ஸின் திருத்தம் கறாரானது. எழுத வந்தவர் கடைசிவரை எழுத வந்தவராகவே கேட்க வேண்டும். முதல் கவுண்டர் எழுதலாம் என்ற முத்திரையைப் பார்க்க வேண்டாம், மை பட்ட அடையாளமான டர்ட்டி குறியைப் பார்த்தால் போதும். எழுதுவதற்காக ஜெராக்ஸ் எடுக்கும்போது கெர்னல் அந்தக் குறியையும் சேர்த்தே போடும். குறி இருந்தால் ஜெராக்ஸ் தயார் என்று அர்த்தம். இல்லையா, இன்னொரு சுற்று போய் வா.

யோசனை அருமை. ஆனால் அது எல்லாக் கம்ப்யூட்டர்களுக்கும் பொருந்தவில்லை.

எஸ்/390 என்பது ஐபிஎம் நிறுவனத்தின் மெயின்ஃபிரேம் வகை. வங்கிகள் போன்ற பெரிய நிறுவனங்கள் நம்பியிருக்கும் இயந்திரம். மற்ற ப்ராசஸர்களில் டர்ட்டி குறி பதிவேட்டிலேயே இருக்கும். எஸ்/390-ல் அது மெமரியின் ஒவ்வொரு பக்கத்தோடும் ஒட்டியிருக்கும் தனி இடத்தில் பதிவாகும். பதிவேட்டைத் திறந்து ‘டர்ட்டியா?’ என்று கேட்டால், அந்த இயந்திரத்தில் பதில் எப்போதும் ‘இல்லை’தான்.

விளைவு? முதல் கவுண்டர் குறி இல்லை என்கிறது. இரண்டாவது கவுண்டர் வேலை முடிந்தது என்கிறது. மறுபடி முதல் கவுண்டர். மறுபடி இரண்டாவது. முடிவே இல்லாத சுற்று.

குறுக்கு வழி

சில நாட்களிலேயே டோர்வால்ட்ஸின் திருத்தம் திரும்பப் பெறப்பட்டது. அதன் இடத்தில் வேறொரு ஏற்பாடு வந்தது.

முதல் கவுண்டர் பழையபடி எழுதலாம் முத்திரையையே பார்க்கும். இரண்டாவது கவுண்டர் ஜெராக்ஸ் எடுத்து முடித்ததும், ‘என் பங்கு முடிந்தது’ என்று பியூன் கையில் ஒரு சீட்டு கொடுக்கும். சீட்டு கிடைத்ததும் பியூன் தன் விண்ணப்பத்தில் இருக்கும் ‘எழுத வேண்டும்’ என்ற வார்த்தையை அடித்துவிட்டு, ‘படிக்க வேண்டும்’ என்று மாற்றிக்கொள்வார். படிக்க முத்திரை தேவையில்லை. முதல் கவுண்டர் பக்கத்தைக் கொடுத்துவிடும். சுற்று முடிந்தது.

ஜெராக்ஸ்தான் எடுத்தாகிவிட்டதே, இனி என்ன கேட்டாலும் அதுதானே கைக்கு வரும்? இந்த நம்பிக்கையில்தான் மொத்த ஏற்பாடும் நின்றது. முத்திரைக்காக மேலும் சுற்றுவது வீண், இனிமேல் படிப்பது போலக் கேட்பது பாதுகாப்பானது என்ற பொருளில் கோடிலேயே ஒரு விளக்கக் குறிப்பும் இருந்தது.

‘பாதுகாப்பானது’ என்ற அந்த வார்த்தைதான் பின்னால் பொய்த்தது.

கதவு திறந்த நொடி

ஒரு புரோகிராம் கெர்னலிடம், ‘இந்தப் பக்கம் எனக்கு இனி வேண்டாம், தூக்கிப் போட்டுவிடு’ என்று சொல்ல வழி இருக்கிறது. மெமரியை மிச்சப்படுத்த உதவும் நியாயமான வசதி.

இப்போது ஒரே புரோகிராமுக்குள் இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் ஓடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் வேலை, படிக்க மட்டும் உள்ள ஃபைலில் கட்டாயப்படுத்தி எழுதச் சொல்கிறது. இரண்டாவது வேலை, ‘அந்தப் பக்கம் வேண்டாம், தூக்கிப் போடு’ என்று ஓயாமல் கத்திக்கொண்டே இருக்கிறது.

பியூன் எழுதக் கேட்கிறார். ஜெராக்ஸ் எடுக்கப்படுகிறது. சீட்டு கிடைக்கிறது. விண்ணப்பத்தை ‘படிக்க’ என்று மாற்றுகிறார். முதல் கவுண்டரை நோக்கி நடக்கிறார். சரியாக அந்த இடைவெளியில் ஜெராக்ஸ் கிழித்துப் போடப்படுகிறது.

முதல் கவுண்டரில் பக்கம் இல்லை. இரண்டாவது கவுண்டருக்கு அனுப்புகிறார்கள். அங்கே விண்ணப்பத்தைப் பார்க்கிறார்கள். ‘படிக்கத்தானே? அப்போ ஜெராக்ஸ் எதுக்கு? ஒரிஜினலையே காட்டு.’ பியூன் ஒரிஜினலோடு திரும்புகிறார். அவரை அனுப்பியவர் கையில் பேனா தயாராக இருக்கிறது.

எழுதியாயிற்று. ஒரிஜினலில்!

இடைவெளி மிக மிகச் சிறியது. ஆனால் அடுத்தடுத்து ஆயிரக்கணக்கான முறை முயன்றால் ஒருமுறையாவது குறி தப்பாது. ரூட் மட்டுமே மாற்றக்கூடிய ஃபைல் மாறிவிட்டால், அதற்குப் பிறகு அந்தக் கம்ப்யூட்டரில் தடுப்பதற்கு எதுவும் மிச்சமில்லை.

11 ஆண்டுகள் ஏன் கவனிக்கவில்லை?

இரண்டு காரணங்கள்.

2005-ல் இது பேப்பரில் மட்டுமே சாத்தியமான ஆபத்தாகத் தெரிந்தது. அன்றைக்குப் பல கம்ப்யூட்டர்களில் ஒரே கோர்தான். இரண்டு வேலைகள் அவ்வளவு நெருக்கமாக மோதுவது அபூர்வம். அதன்பின் கோர்கள் பெருகின, கெர்னலின் மெமரி பகுதியும் பல வேலைகளை ஒரே நேரத்தில் கையாளும்படி மேம்பட்டது. எல்லாம் வேகமாக ஆனபோது, இந்த மோதலும் எளிதாக ஆனது. டோர்வால்ட்ஸின் குறிப்பே இதைச் சொல்கிறது.

இரண்டாவது காரணம்தான் வேலைக்குப் போகும் எல்லோருக்கும் பரிச்சயமானது. குறுக்கு வழி எடுக்கக் காரணமாக இருந்த எஸ்/390 பிரச்சினை 2013-ல், லினக்ஸ் 3.9 பதிப்பிலேயே தீர்ந்துவிட்டது. அந்த இயந்திரத்திலும் பதிவேட்டிலேயே டர்ட்டி குறி வைக்கும் முறை வந்தது. அதாவது, பழைய கறாரான திருத்தத்தைத் திரும்பக் கொண்டுவரத் தடை எதுவும் இல்லை. ஆனால் குறுக்கு வழி எதற்காக வந்தது என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சுற்று நின்றுவிட்டது, டீபக்கர் ஓடுகிறது, புகார் இல்லை. தற்காலிக ஏற்பாடு நிரந்தரமாகிவிட்டது.

2016 திருத்தம் என்ன செய்தது?

இருபது வரிகளுக்கும் குறைவான மாற்றம்தான். பியூன் இனி விண்ணப்பத்தைத் திருத்தக் கூடாது. எழுத வந்தவர் எழுத வந்தவராகவே இருக்க வேண்டும். அதற்குப் பதில், ‘ஜெராக்ஸ் எடுத்தாச்சு’ என்று தனியாக ஒரு குறிப்பை ஒட்டிக்கொள்ளலாம். முதல் கவுண்டர் அந்தக் குறிப்பை மட்டும் நம்பாது. பக்கத்தில் டர்ட்டி குறி உண்மையிலேயே இருக்கிறதா என்றும் பார்க்கும்.

நடுவில் ஜெராக்ஸைக் கிழித்துப் போட்டால்? குறிப்பு கையில் இருக்கும், ஆனால் பக்கத்தில் மை இருக்காது. உடனே திருப்பி அனுப்பி, புது ஜெராக்ஸ் எடுக்கச் சொல்வார்கள். லூப் இன்னும் லூப்தான். வெளியே வரும் வழிதான் மாறியிருக்கிறது. ‘எடுத்துட்டேன்’ என்ற வாய்மொழி போதாது, ஆதாரத்தைக் காட்டினால்தான் வெளியே விடுவார்கள்.

லினக்ஸ் 4.8.3-லும், அப்போது பராமரிப்பில் இருந்த பழைய பதிப்புகளிலும் இந்தத் திருத்தம் சேர்ந்தது. சிவிஇ-2016-5195 என்பது ஓட்டையின் அதிகாரப்பூர்வ எண்.

மறுபடியும் சுற்று

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

மெமரியில் 4 கேபி பக்கங்கள் மட்டும் இல்லை. பெரிய அளவில் மெமரி கேட்கும் புரோகிராம்களுக்காக 2 எம்பி அளவிலான ‘ஹ்யூஜ்’ பக்கங்களும் உண்டு. சாதாரண பக்கம் 512-ஐச் சேர்த்தால் ஒரு ஹ்யூஜ் பக்கம். இவற்றுக்கு முதல் கவுண்டரில் தனி ஜன்னல், கெர்னலில் தனி ஃபைல். 2016 அவசரத்தில் சாதாரண ஜன்னலுக்குப் புது விதி சொன்னார்கள். ஹ்யூஜ் ஜன்னலுக்குச் சொல்ல மறந்துவிட்டார்கள்.

ஹ்யூஜ் ஜன்னலுக்கு ‘ஜெராக்ஸ் எடுத்தாச்சு’ என்ற குறிப்பின் அர்த்தமே தெரியாது. முத்திரை இல்லையா, போய் வா. முன்பு விண்ணப்பத்தை ‘படிக்க’ என்று மாற்றிக்கொண்டு வந்ததால் இங்கே சிக்கல் வந்ததில்லை. இப்போது அதுவும் கிடையாது. படிக்க மட்டும் உள்ள ஹ்யூஜ் பக்கத்தில் கட்டாயப்படுத்தி எழுத முயன்ற புரோகிராம் கெர்னலுக்குள் போய் மாட்டிக்கொண்டது. 2005-ல் பார்த்த அதே முடிவில்லாச் சுற்று!

கெர்னலுக்குள் சுற்றுவது சாதாரண ஆப் ‘ஹேங்’ ஆவது போல இல்லை. ஆப் தன் கோடிலேயே சுற்றினால், கெர்னல் மேலிருந்து பார்த்துக்கொள்ளும். இங்கே புரோகிராமின் சார்பில் கெர்னலே சுற்றுகிறது. அப்படி மாட்டிய புரோகிராமை வலுக்கட்டாயமாகக் கொல்ல முடிந்தது. வேறு எந்தச் சிக்னலுக்கும் அது பதில் சொல்லவில்லை. என்ன ஆயிற்று என்று உள்ளே பார்க்க டீபக்கரைக்கூட இணைக்க முடியவில்லை.

ஜூலியா புரோகிராமிங் மொழியின் முக்கிய டெவலப்பர்களில் ஒருவரான கீனோ ஃபிஷர் இதைக் கண்டுபிடித்துத் திருத்தம் எழுதினார். 2017 தொடக்கத்தில் அது கெர்னலில் சேர்ந்தது. சாதாரண ஜன்னலில் இருக்கும் அதே விதி: ஜெராக்ஸ் குறிப்பு இருந்து, டர்ட்டி குறியும் இருந்தால் உள்ளே விடு. சுற்று நின்றது. விதியும் சரியானதுதான்.

மறுபடியும் ஓட்டை

சிக்கல் விதியில் இல்லை, ஆதாரத்தில் இருந்தது. ஹ்யூஜ் பக்கங்களைக் கையாளும் கோடில் ஒரு பழைய பழக்கம் இருந்தது. சில சமயம், பக்கத்தைச் சும்மா பார்க்க வந்தாலும் அது டர்ட்டி குறியைப் போட்டுவிடும். அதுவரை அதனால் பெரிய தொல்லை இல்லை. ஆனால் இப்போது அந்தக் குறிதான் ‘இது ஜெராக்ஸ்’ என்பதற்கான ஆதாரம். எழுதாத பக்கத்திலும் மை பட்ட அடையாளம் இருந்தால், பொய்ச் சாட்சியை நம்பித் தீர்ப்பு சொன்ன மாதிரிதான்.

2017 நவம்பரில் ‘ஹ்யூஜ் டர்ட்டி கௌ’ என்ற பெயரில் இந்த ஓட்டை வெளியே வந்தது. பழைய ஓட்டையைப் போல டிஸ்க்கில் உள்ள ஃபைல்களை மாற்ற இதனால் முடியாது. ஆனால் முழுக்கப் பூஜ்யங்களால் நிரம்பிய ஹ்யூஜ் பக்கம் ஒன்றை கெர்னல் பல புரோகிராம்களுக்குப் பொதுவாகக் காட்டும். அதில் எழுத முடிந்தது. ‘இங்கே பூஜ்யம்தான் இருக்கும்’ என்று நம்பியிருக்கும் மற்ற புரோகிராம்கள் தடுமாறும். எழுத வந்தால் மட்டுமே டர்ட்டி குறி போட வேண்டும் என்று கோடை மாற்றிய பிறகே இது அடைபட்டது.

2022-ல் இன்னொரு தடவை. மெமரியிலேயே வைக்கப்படும் ஒரு வகை ஃபைல்களில், புதிதாகச் சேர்ந்த ஒரு வசதி, எழுதாமலேயே டர்ட்டி குறி போட்டது. அதே பொய்ச் சாட்சி, வேறு வாசல். இந்த முறை டேவிட் ஹில்டன்பிராண்ட் என்ற கெர்னல் டெவலப்பர் வேரையே பிடுங்கினார். ‘ஜெராக்ஸ் எடுத்தாச்சு’ குறிப்பு நீக்கப்பட்டது, டர்ட்டி குறியைச் சாட்சியாகக் கேட்பதும் நின்றது. இந்தப் பக்கம் இந்தப் புரோகிராமுக்கு மட்டுமே சொந்தமான நகலா என்று கெர்னல் இப்போது நேரடியாகவே பார்க்கிறது. மை இருக்கிறதா என்று சுற்றிவளைத்துக் கேட்பதற்குப் பதில், ‘இது ஜெராக்ஸ்தானா?’ என்ற உண்மையான கேள்வியைக் கேட்க 17 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

உங்கள் போனுக்கு என்ன சம்பந்தம்?

2016-ல் சர்வர்களுக்குத் திருத்தம் வேகமாகப் போனது. ஆண்ட்ராய்டு போன்களின் கதை வேறு. கெர்னலில் திருத்தம் வந்தாலும், அது கூகுள், சிப் தயாரிப்பாளர், போன் நிறுவனம் என்று படி இறங்கித்தான் கைக்கு வர வேண்டும். பல போன்களுக்கு அது வரவே இல்லை.

2017 செப்டம்பரில் ட்ரெண்ட் மைக்ரோ நிறுவனம், டர்ட்டி கௌ ஓட்டையைப் பயன்படுத்தும் ‘ஸ்நியூ’ என்ற ஆண்ட்ராய்டு மால்வேர் பற்றி அறிவித்தது. கேம், ஆபாசம் போன்ற ஆப்களின் வேஷத்தில் அது போனுக்குள் வந்தது. 1,200-க்கும் மேற்பட்ட ஆப்களில் அது ஒளிந்திருந்தது. 40-க்கும் மேற்பட்ட நாடுகளில் 5,000-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டிருந்தனர். அதிகம் சிக்கியவர்கள் சீனாவிலும் இந்தியாவிலும்தான். திருத்தம் வெளியாகிக் கிட்டத்தட்ட ஓராண்டு கழிந்த பிறகு நடந்தது இது.

போன் செட்டிங்ஸில் ‘செக்யூரிட்டி அப்டேட்’ என்ற இடத்தில் ஒரு தேதி இருக்கும். அந்தத் தேதி வரை வெளியான திருத்தங்கள் உங்கள் போனில் இருக்கின்றன என்பது அதன் பொருள். ஓராண்டுக்கு மேல் பழையதாக இருந்து, புது அப்டேட்டும் வரவில்லை என்றால், அந்த போனில் வங்கி ஆப் வைத்திருப்பது பற்றி யோசிப்பது நல்லது. பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து ஆப்களை இறக்குவதை அந்த போனில் அறவே தவிர்க்கலாம்.

சுற்றை நிறுத்துவது யார் வேலை?

இந்தக் கதையில் யாரும் சோம்பேறி இல்லை. 2005-ல் குறுக்கு வழி எழுதியவர்களும், 2016-ல் திருத்தியவர்களும், 2017-ல் சுற்றை நிறுத்தியவரும் உலகின் திறமையான டெவலப்பர்கள். ஒவ்வொரு திருத்தமும் அன்றைய பிரச்சினையை உண்மையிலேயே தீர்த்தது.

முடிவில்லாமல் சுற்றும் கோடைப் பார்த்தால் முதலில் வரும் எண்ணம், எப்படியாவது நிறுத்து என்பதுதான். நிறுத்துவது சுலபம். நிபந்தனையைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும், லூப் வெளியே வந்துவிடும். ஆனால் அந்த நிபந்தனை ஒரு காரணத்துக்காக அங்கே காவல் நின்றது. லூப் சுற்றிக்கொண்டிருந்தவரை யாரும் ஒரிஜினலில் எழுத முடியவில்லை. சுற்று எரிச்சலூட்டியது, கம்ப்யூட்டரைத் தின்றது, ஆனால் தவறான பக்கத்தைக் கையில் கொடுக்கவில்லை.

சுற்று கண்ணுக்குத் தெரியும், உடனே புகார் வரும். ஓட்டை சத்தம் போடாது. டர்ட்டி கௌ விஷயத்தில் அது யாரோ ஒருவரின் சர்வரில் பிடிபடும்வரை அமைதியாகத் திறந்தே கிடந்தது.

கோட் எழுதுபவர்களுக்கு இதில் இரண்டு கேள்விகள் மிஞ்சுகின்றன. ஒரு ‘ரீட்ரை’ லூப்பை நிறுத்தும்போது, வேலை முடிந்ததால் வெளியே வருகிறோமா, கேள்வியை மாற்றிக்கொண்டதால் வருகிறோமா? இப்போதைக்கு என்று வைத்த தற்காலிக ஏற்பாட்டின் காரணம் தீர்ந்த பிறகு, அதைத் திரும்பிப் பார்க்க யார் பொறுப்பு?

இரண்டாவது கேள்விக்கு லினக்ஸில் 2013-ல் பதில் சொல்ல ஆள் இருந்திருந்தால், ஓஸ்டர் 2016-ல் தன் பதிவுகளைத் தோண்ட வேண்டி வந்திருக்காது.